பிரிக்காத கடைசி அத்தியாயம்

என்னங்க, முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். இந்த ஊர் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பழகிவிட்டது, இஸ்திரிச் சூடுதான் தாங்கவில்லை.

நம் எழுத்தாளரின் புதுத் துப்பறியும் நாவல் வந்த அன்று, யூனிஃபார்மோடு ஓடிப்போய் இரண்டு பிரதி வாங்கினேன். வழக்கம்போல இரண்டிலும் கடைசி அத்தியாயத்தின் பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து, ஒன்றை உங்களுக்கு அனுப்பினேன். இருவரும் கொலைகாரனை ஊகித்துச் சொன்ன பிறகுதானே நாம் பின்னைப் பிரிப்போம்? அதற்காகவே காத்திருந்தேன்.

நேற்று போனில் கேட்டதும், "பின் அடிச்ச இடம் வரைக்கும் முழுசா படிச்சுட்டேன். சந்தேகமே இல்ல, அந்த டாக்டர்தான் கொன்னிருக்கான்" என்று அடித்துச் சொன்னீர்கள்.

முதல் பக்கத்தில் செத்துக் கிடப்பவரே டாக்டர்தான். அட்டையில் இருக்கும் ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்துச் சொல்லியிருப்பீர்கள். சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தேன். படிக்கவில்லை என்று சொன்னால் கடித்தா தின்றுவிடுவேன்? பொய் சொல்லிச் சமாளிக்க வேண்டிய ஆளாக எப்போது ஆனேன்?

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே அந்தப் புத்தகத்தையும். என் அறையில் இருக்கும் நர்ஸ் கேட்கிறாள். அவளாவது ஊகித்துச் சொல்லட்டும்.

வேலைக்கு ஏற்றிப்போக வந்த வண்டி ஹாரன் அடிக்கிறது. அடுத்த நாவலுக்கும் இரண்டு பிரதி சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டும் இந்த அறைக்குத்தான்.

உங்கள் வீட்டுக்காரி