தேங்காய் விழவில்லை, பெனிட்டா

பெனிட்டா,

காலையில் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டதே, தேங்காய் விழுந்தது என்றேனே, அது பொய். உன் தம்பி பிரபுவின் ஜீப் என்ஜினில், சைலன்சர் பைப்பைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட் ஒடிந்த சத்தம் அது. பாதி, என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

அதைக் கழற்ற, சூடுகாட்டி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் முறுக்கிக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னாய். "ஐ.டி.ஐ.ல நடத்துற பாடத்தை வீட்ல நடத்தாதே" என்று நான்தான் கத்தினேன். நீ குளிக்கப் போனதும் ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி ஏறி மிதித்தேன். அவ்வளவுதான்.

ஹெட்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு திருப்பத்தூர் லேத் பட்டறைக்குப் போகிறேன். ஒடிந்ததைத் துளைபோட்டு எடுத்துத் தருவார்களாம். மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிட்டுவிடு. பின்கதவுச் சாவி ஆணியில் தொங்குகிறது. பிரபு நாலு மணிக்கு என்ஜினைப் பார்க்க வருகிறான்.

தாளில் இடமில்லை, ஆனாலும் இதை எழுதாமல் போக முடியவில்லை. நீ வேலைக்குக் கிளம்பியதும் அவன் போன் செய்தான். நான் வாய் கூசாமல், "ஒங்கக்காதான் மாப்ள, அவசரப்பட்டு ஒடிச்சுட்டா" என்றேன். அவன் கேட்டான்:

"அக்கா கை வச்சு ஒண்ணும் ஒடியாதே மச்சான். நீங்க ஒடிச்சதை மொதல்ல அவகிட்ட சொல்லிட்டீகளா?"