இரண்டு அடுப்பு வீடு

நீர்வேலி
06.02.2023

அன்புள்ள சுவர்ணா,

சுகமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமுவது இங்கே கேட்கிறது. வெள்ளிக்கிழமை வந்த பதிவுத் தபாலை நீயே கையெழுத்திட்டு வாங்கினாய். மூன்று மாதத்துக்குள் அறையை விட்டுத்தர வேண்டும் என்ற என் சட்டத்தரணியின் அறிவித்தல் அது. இனி வாயால் ஒன்றும் கதைக்க வேண்டாம், எதுவானாலும் எழுதுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

மூன்று மாதம் என்று வந்தாய். ஏழு வருடமாகிறது. விறாந்தையில் உன் ஆடுகள், ஹோலில் உன் தையல் வகுப்பு. தவணைப் பரீட்சைத் தாள்களில் பதினொன்றை ஆடு தின்றுவிட்டது என்று அதிபரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "நாப்பத்தொண்டோ? ஆர் சொன்னது? என்னோடை கம்பஸிலை ஒரே அறையிலை இருந்தவள், நாப்பத்திநாலு" என்றாய். அது உண்மைதான். தேத்தண்ணீரைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போனார்கள்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகும் ஐந்து மணிவரை அங்கே நூலகத்தில் இருக்கிறேன். என் வீட்டுக்கு வர எனக்கே மனமில்லை. இது அம்மா தந்த சீதன வீடு. மிச்சக் காலத்தை இதில் தனியே, சத்தமில்லாமல் கழிக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்புடன்,
கலா


அடுத்த அறை
08.02.2023

என்ரை கலா,

உன்ரை கடிதம் கதவுக்குக் கீழாலை வந்து சேர்ந்தது. முத்திரைச் செலவு மிச்சம். ஆடு திண்ட பதினொரு பேரும் எப்பிடியும் பெயில் எண்டு நீதானே சொன்னனீ.

பெண் பார்க்க வந்த விசயத்திலை நான் செய்தது பிழை. வயது வாய் தவறி வரேல்லை. நீ கட்டிக்கொண்டு போனால் நான் எங்கை போறது எண்டு பயந்து போனன். இதை உனக்கு அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்.

எங்கடை காணி இன்னும் ஆமியின்ரை முள்ளுக்கம்பிக்கு அங்காலை கிடக்கு. அண்ணை வீட்டிலை அண்ணி படலையே திறவாள். நான் போகமாட்டன் கலா. வழக்கெண்டால் போடு.

புட்டு அவிச்சு மூடி வைச்சிருக்கிறன். அது வழக்கிலை சேராது.

சுவர்ணா


நீர்வேலி
19.06.2023

அன்புள்ள சுவர்ணா,

புட்டும் வழக்கில் சேருமாம். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் ஒரே குடும்பம் என்று உன் தரப்பில் வாதாடுவார்களாம். நாளை எனக்கு வேறு அடுப்பு வருகிறது. தயவுசெய்து எனக்கு ஒன்றும் மூடி வைக்காதே.

நேற்று மத்தியஸ்த சபையில் நடந்ததை நீயும் பார்த்தாய். மத்தியஸ்தர் அருட்பிரகாசம் ஐயா நம் குடும்ப அட்டையை மூக்குக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, இதிலை இவா உம்மடை பெரியம்மாவின்ரை மகள் எண்டு கிடக்கு. தமக்கையை வீட்டாலை கலைக்கவோ எங்களிட்டை வந்தனீர்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

நீ வந்த வருடம் கிராம சேவையாளர், "உவா ஆர்?" என்று கேட்டபோது அப்படிச் சொன்னவள் நான்தான். உறவில்லாத இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருந்தால் ஊர் என்ன கதைக்கும் என்று பயந்தேன். நீ கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாய்.

இப்போது உனக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை என்று நான் நீதிமன்றத்துக்குச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். தாள் மேசையில் கிடக்கிறது. நீயாகப் போனால் நான் அதில் கையெழுத்து வைக்கத் தேவையில்லை.

கலா


அடுத்த அறை
25.06.2023

கலா,

உன்ரை அம்மா செத்த நேரம் அயலட்டை குளிச்சுப்போட்டு அடுத்த நாளே கோயிலுக்குப் போச்சுது. நான் அந்தியேட்டி முடியுமட்டும், முப்பத்தொரு நாளும், சொந்தக்காரர் காக்கிற துடக்கை உன்னோடை காத்தனான். அந்த வருசத் தேரும் நான் பாக்கேல்லை. நீ ஏன் காக்கிறாய் எண்டு ஆரும் என்னைக் கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை.

ஆடுகளை வித்துப்போட்டன். தையல் வகுப்பை வீட்டுக்குப் பின்னாலை, கோடிப் பக்கம் கொண்டு போறன். இனி உனக்கு வாற ஆக்களோடை வாயே திறக்கமாட்டன். இருக்க விடு. அந்தத் தாளிலை மட்டும் கையெழுத்து வைக்காதை.

சுவர்ணா


நீர்வேலி
02.03.2025

சுவர்ணா,

தீர்ப்பு வந்துவிட்டது. என் சத்தியக் கடதாசியை வாசித்தபோது நீ என்னைப் பார்க்கவில்லை. நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினான்காம் திகதி நீதிமன்ற அலுவலர் பொலிசுடன் வருவார். அதற்கு முன்னரே போய்விடு. உன் தையல் மெசினைத் தூக்கி ஒழுங்கையில் வைப்பதை அயல் பார்க்கக் கூடாது. உனக்காகச் சொல்கிறேன் என்றால் நம்பமாட்டாய். பாதி எனக்காகவும்தான்.

இரண்டு நாளாக உன் அடுப்பு எரியவில்லை. எதையாவது சாப்பிடு.

கலா


கொழும்புத்துறை
20.05.2025

செல்வி உதயகலா அவர்களுக்கு,

அம்மணி,

நீதிமன்றக் கட்டளைப்படி தங்கள் வீட்டிலிருந்து வெளியேறித் தற்போது மேற்படி இடத்தில் வாடகை அறையொன்றில் வசிக்கிறேன். எனது பெயர் தங்கள் குடும்ப அட்டையில் இருப்பதால் இங்கே என்னைப் பதிவு செய்ய முடியாதுள்ளது. அதை நீக்குவதற்கான படிவத்தைக் குடும்பத் தலைவர் என்ற முறையில் தாங்கள் நிரப்பி, கிராம சேவையாளரிடம் உறுதிப்படுத்தி அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செல்வி க. சுவர்ணா


நீர்வேலி
29.05.2025

சுவர்ணா,

படிவம் இத்துடன் இருக்கிறது.

கிராம சேவையாளர் இப்போது ஒரு இளம் பெண், தனுசியா. நீங்கும் ஆளுக்கும் குடும்பத் தலைவருக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. பேனையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். "முந்தி உள்ளதையே எழுதுங்கோ ரீச்சர், அக்கா எண்டுதானே கிடக்கு" என்றாள். அப்படி எழுதினால் நான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்தது பொய்யாகிவிடும் என்றேன். வெறுமையாக விடலாமா என்று கேட்டேன். விட்டால் மேலிடத்தில் ஏற்கமாட்டார்களாம், உனக்கு அங்கே பதிவு கிடைக்காதாம்.

"இல்லை" என்று எழுதினேன். அவள் முத்திரை குத்தித் தந்தாள். வெளியே வந்து வாழைத்தோட்டத்து வேலியோரம் சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றேன். பிறகு நேரே தபாற்கந்தோருக்கு வந்துவிட்டேன். இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

படிவத்தில் உன் கையெழுத்துக்கு இடமில்லை. ஆகவே திருப்பி அனுப்பவோ பதில் எழுதவோ தேவையில்லை.

கலா