ஆவணியில் எனக்குக் கல்யாணம்

திருத்தங்கல்,
26.7.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வேல்விழி எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். எங்கள் நலத்தைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் தூக்கத்தில் புரளும்போதெல்லாம் அறிவியல் புத்தகத்தைத் தாளின்மேல் வைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதீர்கள்.

எனக்கு ஆவணியில் கல்யாணம் என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது. என்னோடு படிக்கிற சினேகாவின் அப்பா உங்கள் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவர்தானே. சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் வந்து, "ஏ புள்ள, பந்தியில என்ன போடுறீக? எங்களையெல்லாம் கூப்பிட மாட்டீகளோ?" என்று சிரித்தாள். நோட்டுக்குள்ளிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். மணமகள் வேல்விழி, மணமகன் பிரபாகரன், காரியாபட்டியில் ஏதோ மண்டபம். அன்று சாயங்காலம், வாசலில் புதுச் செருப்பு ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன்.

மறுநாள் நான் அழுததைப் பார்த்த பிறகுதான் சினேகா உண்மையைச் சொன்னாள். மாப்பிள்ளை என்று யாருமே கிடையாதாம். வேலையில் இருக்கும்போதே பி.எப். பணத்தை எடுக்க வேண்டுமென்றால் மகள் கல்யாணம் என்று பத்திரிகை வைக்க வேண்டுமாம். "சிவகாசியில பத்திரிகைக்கா பஞ்சம்னு சொல்லிக்கிட்டே, காலண்டர் ஆர்டருக்கு நடுவுல உங்க அப்பா அடிச்சுக்கிட்டாராம். லோடு ஆட்டோ வாங்கப் போறாராம்ல" என்றாள்.

ஆட்டோ வாங்குவது நல்லதுதான். ஆனால் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சீசன் என்பதால் அம்மா இருட்டோடு வேனில் போய் இருட்டோடு வருகிறாள். வெடிக்குத் தாளில் குழாய் உருட்டுகிற வேலை. பிரஸ்களில் கழிக்கிற தாளெல்லாம் அங்கேதான் வந்து சேரும் என்று உங்களுக்குத் தெரியாதா அப்பா? என் கல்யாணப் பத்திரிகைகளில் மை சரியாக விழாததையெல்லாம் கழிவுக் கட்டோடு போட்டுவிட்டார்களாம். போன வாரம் அப்படி வந்த கட்டில் ஒரு முருகன் படம் இருந்திருக்கிறது. சாமியை எப்படி உருட்டி வெடியாக்குவது என்று அம்மா மடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது எங்கள் சுவரில் பாதி முருகன் இருக்கிறார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் என் பெயர் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். தினமும் வேன் வந்து நின்றதும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜீவனாம்ச வழக்குக்கு வாய்தா. போன வாய்தாவில், கையில் ஒன்றுமே இல்லை என்று நீங்கள் சொன்னதை அம்மா நம்பிவிட்டாள். நான் ஆறாம் வகுப்பு படித்தபோதிலிருந்து எனக்கென்று கோர்ட்டு போட்ட பணம் எதுவும் வரவில்லை. வெளியே வந்ததும் வக்கீல், "பி.எப். எடுக்கப் போறாருன்னு தெரிஞ்சா முன்னாடியே மனுப் போட்டு நிறுத்தலாம்மா. கையில வாங்கிட்டாருன்னா புகையைப் பிடிக்கிற கதைதான்" என்றார். அதற்கு அம்மா, "அதெல்லாம் கிழவனானாத்தான் குடுப்பாகளாம்ல சார். அம்புட்டு நாளு எம்பிள்ளைக்குப் பசிக்காமயா இருக்கும்?" என்றாள். அப்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தெரிகிறது.

இந்த வாய்தாவிலும் பணம் வராவிட்டால் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேனில் ஏற்றிவிடுவார்கள். வெடி ஆலைக்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்டு சுடலை அண்ணனிடம் அம்மா முன்பணம் வாங்கியாகிவிட்டது. "வயசு கேட்டா பதினெட்டுன்னு சொல்லணும், என்ன தாயி?" என்று அவர் சொல்லிக்கொடுத்தபோது அம்மா என் பக்கமே திரும்பவில்லை. உங்கள் பத்திரிகையிலும் சுடலை அண்ணன் வாயிலும் எனக்கு வயது கூடிக்கொண்டே போகிறது. எனக்குப் பதினைந்துதான் அப்பா. உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்தப் பத்திரிகையை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். வக்கீலிடம் கொடுத்தால் உங்களை உள்ளே வைத்துவிடுவார்களோ என்று பயம். கொடுக்காவிட்டால் எனக்கு வேன். கிழித்துப் போடலாம் என்றும் நினைத்தேன். முடியவில்லை. அதில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அம்மாவின் பெயரும் இருக்கிறது. உங்கள் இருவர் பெயரையும் சேர்த்து நான் கோர்ட்டுத் தாளில்தான் பார்த்திருக்கிறேன், நடுவில் 'எதிர்' என்று போட்டு. இதில் அது இல்லை.

இந்தக் கடிதத்தை நாளைக்குச் சினேகா அவள் அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். வெள்ளிக்கிழமை நீங்களே கோர்ட்டுக்கு வந்து, பணம் வரப்போகிறது, பிள்ளைக்கு உள்ளதைக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மிச்சத்தில் ஆட்டோ வாங்குங்கள். பத்திரிகையைப் பற்றி நான் மூச்சு விட மாட்டேன். ஆனால் அன்றைக்கு அது என் பையில் இருக்கும். என்னை அதை வெளியே எடுக்க வைத்துவிடாதீர்கள் அப்பா.

சுற்றமும் நட்பும் சூழ வர வேண்டாம். நீங்கள் மட்டும் வந்தால் போதும்.

தங்கள் நல்வரவை எதிர்பார்க்கும்,
செல்வி வேல்விழி,
பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு.