நூற்றில் மூன்று பேர்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இருவரும் நலம் என்று வழக்கம்போல ஆரம்பிக்க முடியவில்லை. அப்பா நலம். நான் வருகிற பத்தாம் தேதி ஆபரேஷனுக்குப் பிறகு நலமாகிவிடுவேன்.

நீ ஃபோனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். யாருக்கு எந்தப் புற்றுநோய் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் உன் ஆபீஸ் கணினிக் கணக்கில் என் விவரங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாயாம். வேலையை விடப் போகிறாயாமே. உனக்கென்ன பைத்தியமா?

புதுக் கணக்கை முதலில் வீட்டு ஆட்களுக்குப் போட்டுப் பார்ப்பது உங்கள் ஆபீஸ் வழக்கம் என்று போன வருடம் ஃபோனில் என்னைத் துளைத்தெடுத்தாயே. எந்த வயதில் பெரியவளானாய், முதல் பிள்ளை எப்போது, எத்தனை மாதம் பால் கொடுத்தாய், சொந்தத்தில் யாருக்காவது வந்ததா? பக்கத்தில் இருந்த உன் அப்பா கூச்சம் தாங்காமல், ஈரமாக இருந்த செடிகளுக்கே தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். என்னைப் போன்ற நூறு பேரில் மூன்று பேருக்குத்தான் வரும் என்றாய். நான் வேலை பார்க்கும் டிக்கெட் கவுண்டரில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஃபோனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னாய். நீதான் மறந்துவிட்டாய். “குறைவுன்னா இல்லைன்னு அர்த்தமில்லம்மா. ஏதாவது தட்டுப்பட்டா, அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துடாத.”

குளிக்கும்போது கடலை அளவில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. என் லட்சணம் உனக்குத் தெரியும், பல்வலியையே ஆறு மாதம் வளர்த்தவள். அன்று மட்டும் கவுண்டரை அடுத்தவளிடம் விட்டுவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போனேன். நல்லவேளை, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டரம்மா. என் பெண் அனுப்பினாள் என்றேன்.

நூற்றில் மூன்று பேர் என்றால் அந்த மூன்று பேரும் எங்காவது இருக்கத்தானே வேண்டும்? யார் வீட்டிலோ அம்மாவாக, அக்காவாக. இந்த முறை ஒருத்தி நம் வீட்டில். நீ வேலையை விட்டுவிட்டால் மற்ற அம்மாக்களை யார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்?

பெரிய தைரியசாலி மாதிரி எழுதிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது சின்னு. அப்பாவிடம் சொன்னால் மறுபடி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார், பாவம், அவை அழுகிவிடும். ஆபரேஷன் அறை வாசல்வரை கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். கணக்கெல்லாம் அங்கேயே இருக்கட்டும். நீ மட்டும் வா.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எப்போதும் நினைக்கும்,
அம்மா