சால்சா வகுப்பில் என் வாய்

சனிக்கிழமை, இரவு.

சால்சா வகுப்பில் இன்றுதான் சேர்ந்தேன். ஆரப்பாளையத்தில் ஒரு மொட்டை மாடி. மாஸ்டர் கை தட்டினால் ஜோடி மாற வேண்டும். அப்படி மாறியபோது, பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் என் எதிரே வந்து நின்றாள். அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் சும்மா பேச்சுக் கொடுத்தேன். ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம் என்றாள். என் அம்மா ஊரும் அந்தப் பக்கம்தான். அத்தோடு விட்டிருக்கலாம்.

"அங்க எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் யார் வந்தாலும் கேட்கிற கேள்வி. எதற்காகக் கேட்கிறோம் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "காலனிண்ணே. கையக் குடுக்கவா, வேணாமா?"

பாட்டு தொடங்கிவிட்டது. நான் உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு நீட்டினேன். அவள் அதையும் பார்த்தாள். பிறகு பாட்டு முடியும்வரை, "இடது கால முன்ன வைங்கண்ணே" என்பதைத் தவிர அவள் எதுவும் பேசவில்லை.

கை வியர்த்திருந்தது, அதனால்தான் துடைத்தேன்.

இதை யாரும் படிக்கப்போவதில்லை. அப்படியும் வியர்வை என்றுதான் எழுதுகிறேன்.