ஃபீனால் பாட்டிலின் நிறம்

4-8-87, செவ்வாய்
ஆடிக் காற்று. ஆய்வகம் முழுக்கப் புழுதி. புதுச்சத்திரம் பக்கத்துப் பண்ணைக்காரர் பழனிசாமி காலையிலேயே வந்துவிட்டார். கோணிப்பையில் செத்த கோழிக்குஞ்சுகள். குஞ்சுகளைக் கொல்லும் கம்போரோ வைரஸ் நோயா என்று தெரிய வேண்டும். ஆம் என்றால் கொட்டகையைக் கழுவிப் பல வாரம் காலியாகப் போட வேண்டும்.

"வெள்ளிக்கெழம புதுக் குஞ்சு வருதுங்க. கொட்டகைல உடலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க சார்."

செய்தவை: செத்த குஞ்சின் சுரப்பியை அரைத்தல். வடித்தல். ஃபீனால் விட்டுக் குலுக்கிச் சுழற்றுதல். மேலே நிற்கும் நீரை மட்டும் எடுத்தல், வைரஸின் ஆர்.என்.ஏ. அதில்தான். பிறகு குளிர்ந்த ஆல்கஹால், நாளை வரை.

ஃபீனால் லேசாகச் சிவந்தாற்போல் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பின் நிறம் எதுவும் நிச்சயமில்லை. ஆய்வகத்தை நடத்தும் கால்நடை டாக்டரைக் கேட்டால் சிரிப்பார். விட்டுவிட்டேன்.

5, புதன்
முதுகுவலி. கரண்ட் இரண்டு முறை போயிற்று. எடுத்ததை ஜெல்லில் விட்டுக் கரண்ட் பாய்ச்சினால், கம்போரோ என்றால் இரண்டு கோடு விழும். ஒன்றுகூட இல்லை.

"மறுபடி ஒருதரம்..." என்று இழுத்தேன்.

டாக்டருக்கு என் மகன் வயது. "கோடு இல்லேன்னா வைரஸ் இல்ல. உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் சார்."

எழுதிக் கையெழுத்திட்டேன்: வைரஸ் காணப்படவில்லை. பழனிசாமி கும்பிட்டு வாங்கிப் போனார்.

6, வியாழன்
மாத்திரை மறந்தேன். சலவைக்குச் சட்டை நான்கு.

பாட்டில் கழுவும் பொன்னம்மாள், அலமாரியைத் துடைத்தபடி: "ஏனுங்கய்யா, இந்த மருந்து ரோசாப்பூக் கணக்கா இருக்குதே, சர்பத்துங்களா?"

அப்படியானால் என் கண் சரி. நல்ல ஃபீனாலுக்கு நிறம் கிடையாது; சிவந்தால் கெட்டுவிட்டது, ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கிவிடும். ரிடையராகி இங்கே வருமுன் முப்பது வருடம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவன், ஒரு பாட்டிலின் நிறத்தைக் கேட்க அஞ்சினேன்.

போன மாதம் கம்போரோ என்று உறுதியான மாதிரி மிச்சம் இருந்தது. அதே பாட்டில் ஃபீனாலில் செய்தேன்; அவசரத்துக்கு ஆல்கஹாலில் இரண்டு மணி நேரமே போதும். சாயங்காலம் பார்த்தால் அதிலும் கோடு இல்லை.

டாக்டர்: "திங்கக்கிழமை பாத்துக்கலாம் சார். இப்பப் போய்ச் சொன்னா நம்ம பேர்தான் கெடும்." சரி என்று தலையாட்டினேன்.

7, வெள்ளி
லீவு எழுதிக் கொடுத்தேன். புதுச்சத்திரம் வரை பஸ்ஸில் நின்றபடியே போனேன். பண்ணை வாசலில் வேன். பெட்டி இறக்குகிறார்கள்.

"அந்தத் தாள் தப்பு" என்றேன்.

"சந்தேகமுங்களா, நிச்சயமுங்களா?"

"கம்போரோ இருக்கிறதா, தெரியாது. இல்லை என்று நான் எழுதியது செல்லாது. அது நிச்சயம்."

தாளை வாங்கி என் கையெழுத்தை அடித்தேன். பழனிசாமி என்னைத் திட்டவில்லை. வேன்காரனைப் பார்த்துத்தான் கத்தினார்: "எறக்காத, நிறுத்துடா!"

நான்கு பெட்டிகளை ஏற்கெனவே கொட்டகைக்குள் திறந்துவிட்டிருந்தார்கள். அவர் மனைவி உள்ளே குனிந்து குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கேட்டார்: "அப்ப இதுகளுங்க சார்?"