கதிர் பேரில் ஒரு மணல்பல்லி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. ஷூ கம்பெனியில் இன்று தையல் மெஷினில் இரண்டு ஊசி உடைத்தேன். சூப்பர்வைசர் திட்டவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது.

தம்பி கதிர் போய் இரண்டு மாதம். ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் பல்லி ஆராய்ச்சிக்குப் போனவன். ஜீப் கவிழ்ந்து போய்விட்டான்.

அம்மா அவன் போனுக்கு இன்னும் சார்ஜ் போடுகிறாள்.

வாங்க வேண்டியது: சோப்பு, அப்பாவுக்கு பி.பி. மாத்திரை.

ஜூன் 5, வியாழன்

நந்தினி போன் செய்தாள். கதிரோடு ஆராய்ச்சி செய்த பெண், அரக்கோணம். ஞாயிறு வருகிறாளாம். "உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கணும்க்கா."

அப்பாவிடம் சொன்னேன். "எதுக்கு?" அவ்வளவுதான். தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

நந்தினி வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போனில் ஒரு படம் காட்டினாள். கதிர் கடைசியாகக் கண்டுபிடித்த பல்லி. மணல் நிறம். இமையில்லாத பெரிய கண். மணலில் புதையாமல் ஓட, விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலச் செதில். கிராஸோபேமன் என்கிற இனம். அதில் இது இதுவரை யாரும் பதியாத வகையாம். அதற்குக் கதிர் பேரை வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள்.

அப்பா எழுந்துவிட்டார். "இன்னாமா சொல்ற? எம் புள்ள பேரைப் பல்லிக்கு வைப்பியா? அத்தத் தேடிப் போய்தான செத்தான்!"

"அது பெரிய மரியாதைப்பா," என்றேன்.

"எனக்கு வேணாம் அந்த மரியாத."

ஸ்டேஷன் வரை நந்தினியோடு போனேன். "அதைப் பார்த்ததும் மணல்லயே குதிச்சான்க்கா," என்றாள். படத்தை எனக்கு அனுப்பினாள். ரயில் லேட்.

ஜூன் 9, திங்கள்

லீவு. தலைவலி. அப்பா யாரிடமும் பேசவில்லை. மாத்திரை போட்டாரா தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் தூறல். அப்பா வேலையிலிருந்து வந்து, கைகால் கூடக் கழுவாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் படம் உன் போன்லதான கீது?"

போனைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பேரு வச்சா எத்தினி நாளைக்கு இருக்கும்?"

"எப்பவுமே இருக்கும்ப்பா."

"நாம யாரும் இல்லாத காலத்துலயும்?"

"ஆமாம்ப்பா."

படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இனிஷியல் போடுவாங்களா?"

இனிஷியல் அவர் பேர். நந்தினி அன்றே சொல்லியிருந்தாள், ஒரே சொல்தான், கதிர் மட்டும். மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"பரவால்ல. வைக்கச் சொல்லு."

போன் இன்னும் அவர் கையில்தான். திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. நந்தினிக்கு நாளைதான் சொல்ல வேண்டும்.